சுவரில் அறுபத்தாறு துளைகள்

எங்கள் சமையலறையின் பின்சுவருக்கும் மலையைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே ஐந்தடி இரண்டங்குலம். துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியபோது அளந்து, சமையலறைக் கதவின் உட்புறம் பென்சிலால் எழுதி வைத்தேன். அந்த இடைவெளிக்கு இந்தப் பக்கம், சன்னலை ஒட்டிய அடுப்பின் முன்னால், என் மனைவி தினமும் ஆறு மணி நேரமாவது நிற்கிறாள். தீபாவளி நெருங்கினால் ஒன்பது மணி நேரம். இந்த வருடம் ஆடியிலிருந்து தீபாவளி வரை நான் பட்ட எரிச்சலெல்லாம் இந்த இரண்டு கணக்குகளுக்குள் அடங்கிவிடும். சுவர் விழுந்தால் அவள் மேல்தான் விழும். இதை அவளிடம் எத்தனை முறை சொன்னேன் என்பதை மட்டும் எண்ணவில்லை.

ஆயர் ஈத்தாம் ஊருக்கு மேலே, மலையை வெட்டி எடுத்த ஒரு தட்டில் ஒன்பது வீடுகள் வரிசையாக இருக்கின்றன. எங்களுடையது ஒன்பதாவது. பின்னால் பத்தடி உயரச் சுவர். சுவருக்கு மேலே சரிவு. அதில் பெரணியும் லாலாங் புல்லும், யார் வைத்தார்களோ தெரியாத இரண்டு ரம்புத்தான் மரங்களும். சுவரில் இரண்டு வரிசையாகச் சிறிய குழாய்த் துண்டுகள் பதித்திருக்கும். மழை பெய்தால் அவற்றில் நீர் கசியும். கசிந்த இடமெல்லாம் பச்சைப் பாசி. இருபத்திரண்டு வருடம் அந்தப் பாசியை அசிங்கம் என்றுதான் நினைத்தேன். குழாய்கள் எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் பட்டர்வொர்த் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் சரக்கு எண்ணியவன். எத்தனை பெட்டி இறங்கியது என்று எழுதுவது என் வேலை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பது வேறொருவர் வேலை.

ஆடி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை ஐந்தாம் வீட்டு அம்மா வீட்டின் பின்பக்கம் ஒரு நாகம் வந்தது. அந்த அம்மா பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, எங்கள் வரிசையில் எந்த விசேஷத்துக்கும் முதல் விளக்கு அவர்தான் ஏற்றுவார். அவர் போட்ட சத்தத்தில் ஒன்பது வீடும் பின்பக்கம் கூடிவிட்டது. பாம்பு வாளிக்குப் பக்கத்தில் படமெடுத்து நின்றது. எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர் இரண்டாம் வீட்டு பாய். டவுனில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அவர் உடனே தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடக் கைபேசியை எடுத்தார்.

"போம்பாவுக்கு போன் போடுறேன். பத்து நிமிஷத்துல வந்து பிடிச்சிட்டுப் போயிருவாங்க."

"ஐயோ பாய், இன்னிக்கு ஆடி வெள்ளி! அது சும்மா வரலை. பிடிக்கக் கூடாது."

"பிடிக்காம? உள்ள கூப்பிட்டு ஒரு கிளாஸ் தே தாரிக் கொடுக்கவா?"

"பால் வைக்கலாம்" என்றார் அந்த அம்மா, கோபமாக.

இவர்கள் வாதாடி முடிப்பதற்குள் பாம்பு சலித்துப்போய்ச் சுவரை நோக்கி ஊர்ந்தது. கீழ் வரிசைக் குழாய் ஒன்றுக்குள் தலையை விட்டது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்விட்டது. நான்கடி நீளம் இருக்கும். இருபது பேர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான். பாம்பை அடிக்கக் கூடாது என்பதில் எல்லோரும் ஒரே முடிவு. பிடித்துக்கொடுக்கவும் கூடாது என்பதில் பாதிக்கு மேல். ஆனால் வீட்டுக்குள் வரவும் கூடாது. பேசிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: சுவரிலுள்ள ஓட்டைகளை எல்லாம் சிமெண்டு வைத்து அடைத்துவிடுவது. பாவமும் இல்லை, பாம்பும் இல்லை. அப்படியே பாசிக் கறையும் போய்விடும். தீபாவளிக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கலாம். ஏழாம் வீட்டில் மட்டும் யாரோ, "ஓட்டை எதுக்கு வச்சிருப்பாங்க?" என்று கேட்டார்கள். "கட்டுறப்போ கம்பு சொருக வச்சிருப்பாங்க லா" என்றார் பாய். அந்தப் பதில் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. எனக்கும்.

ஐந்தாம் வீட்டு அம்மாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "ஒண்ணையாவது விட்டு வைங்க. அது போன ஓட்டையை அடைக்கக் கூடாது. உள்ள மூச்சு முட்டிச் செத்துச்சுன்னா ஏழு தலைமுறைக்கு ஆகாது."

"அக்கா, பாம்புக்கு வீட்டு நம்பர் தெரியுமா? ஒண்ணை விட்டா அது வழியாத்தானே எல்லாம் வரும்?"

"வந்தா எங்க வீட்டுக்குத்தானே வரும். உங்களுக்கு என்ன பாய்?"

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி வேலை செய்யும் கோத்தோங் ரோயோங் போட்டார்கள். பாய் கடையிலிருந்து ரொட்டி சானாய் வந்தது. எட்டு மூட்டை சிமெண்டும் பாய்தான் கொடுத்தார். ஆண்களில் சிலர் சரிவில் ஏறி, பாம்பு பதுங்க இடமில்லாதபடி பெரணியையும் புல்லையும் வேரோடு பிடுங்கினார்கள். பிடுங்கியதைக் கீழே கொண்டுவர யாருக்கும் பொறுமையில்லை. சுவரின் தலைமாட்டில் ஒரு சிமெண்டு வாய்க்கால் ஓடுகிறது. அதில் போட்டு மிதித்தார்கள். சாயங்காலத்துக்குள் மலை மொட்டையடித்தது போல் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. எல்லோருக்கும் அது சுத்தமாகத் தெரிந்தது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுபத்து நான்கு வயது. மூட்டை தூக்க முடியாது. ஆகவே எண்ணினேன். சுவரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்து, ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் சாக்பீஸால் எண் போட்டேன். மொத்தம் அறுபத்தாறு. பாசியும் செடியும் மூடி, கண்ணுக்கே தெரியாமல் இருந்த பதினொன்றைக் கத்தியால் சுரண்டி நான்தான் கண்டுபிடித்தேன். பட்டியல் எழுதி, ஒவ்வொன்றும் அடைபட அடைபட டிக் போட்டேன். முப்பத்து நான்காம் எண் பாம்புக்கு. மற்ற அறுபத்தைந்திலும் ஒன்று தப்பவில்லை. "அண்ணே, நீங்க இல்லைன்னா பாதி விட்டிருப்போம்" என்றார் பாய். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பரில் மழை தொடங்கியது. முதலில் முப்பத்து நான்காம் துளையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். கசிவு போய், குழாயைத் திறந்துவிட்டது போல் நீர் கொட்டியது. மழை நின்று இரண்டு நாள் ஆகியும் கொட்டியது. ஐந்தாம் வீட்டு அம்மா அதன் கீழ் வாளி வைத்துச் செடிகளுக்கு ஊற்றினார். மூன்றாம் வீட்டுக்காரர் கார் கழுவினார். ஒரு வாளி நிறைய நாற்பது விநாடிதான் ஆகிறது என்று நான் கடிகாரம் வைத்துப் பார்த்துச் சொன்னேன். "பார்த்தீங்களா, குறையவே குறையாது" என்றார் அந்த அம்மா சந்தோஷமாக.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அதற்குள் வேறு சிலவும் கண்ணில் பட்டிருந்தன. எங்கள் பின்முற்றத்துச் சிமெண்டுத் தரையில், சுவர் ஓரமாக, நேர்கோடாக ஒரு விரிசல். முதல் வாரம் ஒரு தாள் நுழையும். மூன்றாம் வாரம் ஐம்பது காசு நாணயம் நுழைந்தது. மேலே ரம்புத்தான் மரங்களில் ஒன்று எங்கள் கூரைப் பக்கம் சாய்ந்திருந்தது. அறுபதாம் எண்ணுக்கும் அறுபத்து மூன்றுக்கும் நடுவே, சுவர் சாப்பிட்ட வயிறு போல் கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது. டேப்பை எடுத்து அளந்தேன். ஐந்தடி முக்கால் அங்குலம்.

"ஒன்றேகால் அங்குலம் குறைந்திருக்கிறது" என்று மனைவியிடம் சொன்னேன்.

"உங்க டேப்பு சுருங்கியிருக்கும்."

"இரும்பு டேப் எப்படிச் சுருங்கும்?"

"அப்போ நீங்க சுருங்கியிருப்பீங்க. தள்ளுங்க, பருப்பு பொங்குது."

சங்கக் கூட்டத்தில் சொன்னேன். சுவர் என்றால் கொஞ்சம் அசையத்தான் செய்யும் என்றார்கள். நான்கு அலுவலகங்களுக்குப் போனேன். நான்கிலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். நான்கிலும் ஒரு படிவம் கொடுத்தார்கள். சுவர் யாருடைய நிலத்தில் நிற்கிறது, கட்டிய நிறுவனம் எங்கே என்று கேட்டார்கள். கட்டிய நிறுவனம் கலைந்துபோய்ப் பல வருடம் ஆகிறது. சுவர் பாதி எங்கள் நிலத்திலும் பாதி மலையிலும் நிற்கிறது. ஆளை அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். நான் ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு அளந்து கதவில் எழுதினேன். கதவு நிறைந்துகொண்டே வந்தது. என் மனைவி அந்தக் கதவில்தான் கைத்துண்டைத் தொங்கவிடுவாள். துண்டை விலக்கி விலக்கி எழுதுவேன்.

ஐந்தாம் வீட்டு அம்மாவுக்கு ஒரு தம்பி. நாற்பத்தைந்து வயதிருக்கும். பாலிக் புலாவுக்குப் போகிற மலைச்சாலையில் சரிவுகளைக் கட்டும் வேலைக்கு மேற்பார்வையாளர். அக்காவைப் பார்க்க ஜாதிக்காய் ஊறுகாயோடு ஒரு சனிக்கிழமை வந்தார். பின்பக்கம் கை கழுவப் போனவர், கழுவாமல் அப்படியே நின்றுவிட்டார். நான் என் முற்றத்தில் டேப்போடு நின்றதால் எல்லாம் காதில் விழுந்தது.

"அக்கா, இந்தச் சுவத்துல இருந்த பைப்பு எல்லாம் எங்க?"

"அடைச்சிட்டோம். பாம்பு வந்துச்சு."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விட்டிருக்கு பாரு. அது நாகம் போன வழி."

"அட கடவுளே! எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலை இது? நான் பார்த்த இடத்துலயெல்லாம் நாலு அடைஞ்சிருக்கும், அஞ்சு அடைஞ்சிருக்கும். இப்படி ஒண்ணு விடாம எவன் தேடித் தேடி அடைச்சான்?"

அந்த அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் என் பக்கம் கையைக் காட்டினார். "ஒன்பதாம் வீட்டு அண்ணன்தான் எண்ணிக் கொடுத்தாரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் டேப்பைச் சுருட்டினேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. பள்ளிக்கூட வாத்தியார் போல் பொறுமையாக விளக்கினார். சுவரால் மண்ணைத் தாங்க முடியும், அதற்குத்தான் கட்டுகிறார்கள். ஆனால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கிச் சுவரின் முதுகில் வந்து நிற்கும். அது வெளியே போவதற்குத்தான் அந்தக் குழாய்கள். வழியை அடைத்தால் நீர் உயர்ந்துகொண்டே போய், மண்ணோடு சேர்ந்து சுவரைத் தள்ளும். நனைந்த மண்ணும் பிடிப்பை விட்டுவிடும். மேலே பிடுங்கிய பெரணியும் புல்லும் மேல்மண்ணைப் பிடித்து வைத்திருந்தவை. தலைமாட்டு வாய்க்கால், மலைநீரைச் சுவருக்குப் பின்னால் இறங்கவிடாமல் பக்கவாட்டில் ஓட வைத்தது. "ஒரு மலையைக் கீழே கொண்டுவர என்னென்ன செய்யணுமோ, ஒரே ஞாயித்துக்கிழமையில அத்தனையும் செஞ்சிருக்கீங்க மாமா" என்றார். "ரொட்டி சானாய் வேற சாப்பிட்டிருக்கீங்க."

என் வீட்டுப் பின்பக்கம் வந்து, வயிறு தள்ளிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு சன்னல் வழியாக அடுப்பைப் பார்த்தார். "அத்தை, இன்னியிலேருந்து இங்க நின்னு சமைக்காதீங்க. ஓட்டையைத் திறந்து, தண்ணி வடிஞ்சு, ஒரு இன்ஜினியர் வந்து பார்க்கட்டும். அதுவரைக்கும் வேணாம்."

"சரிப்பா" என்றாள் என் மனைவி, கரண்டியைக் கீழே வைக்காமலே.

தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. துளைகளைத் திறக்க வேண்டும் என்று நான் வீடு வீடாகப் போனேன். மூன்று வீடுகளில் சரி என்றார்கள். இரண்டில் பாம்பு வந்தால் நீங்கள் பொறுப்பா என்றார்கள். ஒன்றில், வெள்ளையடித்து நாலு நாள்கூட ஆகவில்லையே என்றார்கள். எட்டாம் வீட்டில் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை: "நீங்கதானே அடைக்கச் சொல்லி நம்பர் போட்டீங்க. இப்ப திறக்கச் சொல்றீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க?" கேள்வி நியாயமானது என்பதால் எரிச்சல் இரட்டிப்பானது. கடைசியில் பாய்தான் முடித்துவைத்தார். "சிமெண்டு கொடுத்தது நான். எடுக்கவும் நான்தான் வரணும். ஞாயித்துக்கிழமை கடைக்கு லீவு போடுறேன் அண்ணே."

ஞாயிறு வர ஐந்து நாள் இருந்தது. என் மனைவி அடுப்பை விட்டு அசையவில்லை. முறுக்கு மாவு அரைத்தாகிவிட்டது. அச்சு முறுக்குக்குத் தேங்காய்ப்பால் எடுத்தாகிவிட்டது. புதன்கிழமை அவள் பாசாருக்குப் போன நேரம் பார்த்து, நான் கேஸ் உருளையைக் கழற்றி, உருட்டி உருட்டி முன்கூடத்துக்குக் கொண்டுவந்தேன். அடுப்பையும் கொண்டுவந்து வாசற்கதவுக்குப் பக்கத்தில் மேசை போட்டு வைத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. அவள் வந்து பார்த்தாள்.

"கல்யாணம் ஆகி நாப்பத்தெட்டு வருஷத்துல அடுப்புப் பக்கம் வந்ததில்லை. இப்ப அடுப்பையே தூக்கிட்டீங்க. ரோட்டுல போறவனெல்லாம் என் எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கணுமா?"

"பார்க்கட்டும். உயிரோடு பொரிக்கிறாய் என்று பார்க்கட்டும்."

"சுவரு விழுந்தா விழட்டும். உங்க வாயிலேருந்து நான் தப்பிச்சேன்னு நினைச்சுக்கறேன்."

ஆனால் முன்கூடத்தில்தான் பொரித்தாள். சுவரெல்லாம் எண்ணெய் வாடை.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி தன் வேலையிடத்தில் சொல்லித் துளைக்கும் இயந்திரத்தோடு வந்தார். பாய் இன்னொன்று இரவல் வாங்கி வந்தார். என் பழைய பட்டியல் திரும்பவும் வெளியே வந்தது. சாக்பீஸ் எண்களை வெள்ளைச் சுண்ணாம்பு மூடிவிட்டதால் என் பட்டியலைப் பார்த்துத்தான் இடத்தைத் தேட வேண்டியிருந்தது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் திறக்கக் கூடாது, கீழ் வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாகத் திறக்க வேண்டும் என்றார் தம்பி. துளைக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது என்றும் சொன்னார். பாய் நின்றார். அறுபத்தோராம் எண்ணில் சிமெண்டு உடைந்ததும், பழுப்பு நீர் மூன்றடி தூரம் பீய்ச்சி அவர் மார்பில் அடித்தது.

"யா அல்லா! லொங்காங்கே உள்ள இருந்திருக்கு, முழுச் சாக்கடை!"

ஒன்பது வீட்டுக்காரர்களும் அந்த நீரைப் பார்த்தார்கள். அது என் சமையலறைச் சன்னல் கண்ணாடியில் பட்டுச் சேறாக வழிந்தது. சன்னலுக்கு உள்ளே, அடுப்பு இருந்த இடம் காலியாக இருந்தது. என் மனைவி கூடத்திலிருந்து வந்து என் பின்னால் நின்று பார்த்தாள். நீர் செம்மண் நிறத்திலிருந்து தெளிவாக நான்கு மணி நேரம் ஆனது. கலங்கிய நீர் வந்தால் மண்ணும் கூடவே வருகிறது, தெளிந்தால் நல்லது என்று தம்பி சொல்லியிருந்தார். நான் நாற்காலி போட்டு நான்கு மணி நேரமும் உட்கார்ந்திருந்தேன். மண் வராமல் இருக்கத் துளைகளின் வாயில் வலை வைத்தார்கள். மேலே ஏறி வாய்க்காலில் அழுகிக் கிடந்த பெரணியை வாரினார்கள், இருபத்தேழு சாக்கு. மொட்டைச் சரிவின் மேல் தார்ப்பாய் விரித்துக் கல் வைத்தார்கள்.

ஒன்பது நாள் கழித்துப் பெருமழை. பகல் பன்னிரண்டு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து, ஐந்தரை வரை விடவில்லை. ஒன்பது வீட்டுக்காரர்களும் முன்கூடத்திலும் வாசலிலுமாக உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்குப் பின்னால் ஒரு சத்தம். கனமான மூட்டையைக் கப்பலிலிருந்து இறக்கிப் போட்டது போல. சாய்ந்திருந்த ரம்புத்தான் மரம் வேரோடு சரிந்து, ஒரு வண்டி மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்து சுவரின் தலையில் நின்றிருந்தது. கொஞ்சம் சேறு சுவரைத் தாண்டி எங்கள் முற்றத்தில் விழுந்தது. சுவர் நின்றது. கீழ் வரிசையில் திறந்த துளைகள் எல்லாவற்றிலும் நீர் ஒரே சீராகக் கொட்டியது.

மறுநாள் காலை எல்லோரும் சுவரைப் பார்க்க வந்தார்கள். நன்றி சொல்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் இதை எதிர்பார்க்கவில்லை.

"பார்த்தீங்களா, எவ்வளவு மண்ணு வந்தும் அசையலை. பழைய காலத்துச் சுவரு லா. சும்மா பயந்துட்டோம்" என்றார் எட்டாம் வீட்டுக்காரர்.

"ஓட்டையைத் திறந்ததால்தான் நின்றது" என்றேன்.

"திறக்காம இருந்திருந்தா விழுந்திருக்கும்னு எப்படிச் சொல்றீங்க?"

ஐந்தாம் வீட்டு அம்மாவோ, நாகத்தின் வழியை அடைக்காமல் விட்டதால்தான் ஒன்பது வீடும் பிழைத்தது என்றார். அவர் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு, "அக்கா சொல்றதுல பாதி சரி மாமா. ரெண்டு மூணு மாசமா வேலை செஞ்ச ஒரே ஓட்டை அதுதான்" என்றார். இதற்கு நான் யாரிடம் போய் வாதாடுவது?

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், நான் ஏறி இறங்கிய அலுவலகம் ஒன்றிலிருந்து பொறியாளர் ஒருவர் வந்தார். சுவரில் மூன்று இடத்தில் கண்ணாடிச் சில்லு ஒட்டினார். சுவர் நகர்ந்தால் சில்லு உடையும். கடைசி மூன்று வீட்டுச் சுவரையும் திரும்பக் கட்ட வேண்டும், மேலே புல் வளர்க்க வேண்டும், வேலை முடிகிற வரை பின்பக்க அறைகளை உபயோகிக்காமல் இருப்பது நல்லது என்று எழுதிக் கொடுத்தார். எழுத்து மூலமாக. நான் அதைச் சமையலறைக் கதவில், என் கணக்குகளின் மேல் ஒட்டினேன்.

அடுத்த நாள் காலை நான் முகம் கழுவி வருவதற்குள் அடுப்பு திரும்பச் சமையலறைக்குப் போய்விட்டது. எட்டாம் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தூக்க வைத்திருக்கிறாள்.

"இன்ஜினியர் எழுதியதைப் படித்தாயா?"

"படிச்சேன். நல்லதுன்னு போட்டிருக்காரு. கூடாதுன்னு போடலை."

"சில்லு உடைந்தால்?"

"உடைஞ்சா சொல்லுங்க, வந்திடறேன். உங்களுக்கு வேற என்ன வேலை?"

கத்தினேன். அவளும் கத்தினாள். பக்கத்து வீட்டில் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கதவுக்கு நேரே போட்டேன். அங்கிருந்து மூன்று சில்லும் தெரியும். தலையைத் திருப்பினால் அடுப்பும் அவளும் தெரிவார்கள். அவளிடம் போய்ச் சேர நான் நான்கு எட்டு வைக்க வேண்டும். அவளை இழுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போக இருபத்து மூன்று. இரண்டு முறை நடந்து பார்த்தேன். முழங்கால் ஒத்துழைத்தால் பதினெட்டு விநாடி.

நான் நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு தட்டையும் கத்தியையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"சும்மா உட்கார்றதுக்கு வெங்காயத்தையாவது உரிங்க. பொடிசா."

எத்தனை என்று கேட்டேன்.

"நீங்க சுவரைப் பாருங்க. போதும்னா நான் சொல்றேன்."